முதல் முறை மார்க்கெட்டிங் டெக்னாலஜி மாநாட்டுக்குப் போகிறேன், எப்படித் தயாராவது?

கேள்வி கேட்டவர் கடலூர்க்காரர். பண்ருட்டியில் முந்திரி உடைத்துப் பொட்டலம் போட்டு, வீடுகளுக்கும் ஸ்வீட் கடைகளுக்கும் நேரடியாக விற்கும் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை. அலுவலகம் செம்மண்டலத்தில். விளம்பரம், ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் ஆர்டர் எல்லாம் அவர் தலையில்தான். அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் இரண்டு நாள் மாநாட்டுக்கு முதலாளி டிக்கெட் எடுத்துக் கொடுத்து, “போய்ப் பார்த்துட்டு வந்து எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்னு சொல்லும்மா” என்றிருக்கிறார். “அங்கே வர்றவங்க எல்லாம் பெரிய கம்பெனி ஆளுங்க. எனக்கு இங்கிலீஷ் புரியும், பேசத்தான் தயக்கம். என்ன படிச்சுட்டுப் போகணும்? அங்கே என்ன செய்யணும்?” என்று கேட்கிறார்.

எனக்கு உங்களைவிட அக்கா வயது. புதுச்சேரியில் தங்கும் விடுதிகளுக்கும் துணிக்கடைகளுக்கும் இதே வேலையைப் பதினான்கு வருடமாகச் செய்கிறேன். சென்னை, பெங்களூரு, டெல்லி என்று பல மாநாடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதையும் படிப்பதற்கு முன்னால் ஒரு படம் வரையுங்கள். ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்துக்கொண்டு, உங்கள் வாடிக்கையாளர் ஒருவர், நிஜமான ஒருவர், முதன்முதலில் உங்கள் கடைப் பெயரைக் கேட்டதிலிருந்து மூன்றாவது முறை பருப்பு வாங்கியது வரை நடந்ததை இடமிருந்து வலமாக வரையுங்கள். நெய்வேலியில் ஒரு அம்மா என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ்புக்கில் உங்கள் விளம்பரத்தைப் பார்க்கிறார். அதிலிருக்கும் வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டு “முழுப்பருப்பு கிலோ எவ்ளோ” என்று கேட்கிறார். நீங்கள் மதியம் சாப்பிட்டு வந்த பிறகு பதில் போடுகிறீர்கள். பணம் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு, பண்ருட்டி குடோனுக்குப் போனில் சொல்கிறீர்கள். கூரியர் போகிறது. ட்ராக்கிங் நம்பர் உங்கள் போனுக்கு வருகிறது, அவருக்குப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து “பார்சல் இன்னும் வரலையே” என்று அவரே கூப்பிடுகிறார். அடுத்த தீபாவளிக்கு அவரை யாரும் ஞாபகப்படுத்தவில்லை, ஏனென்றால் அவர் பெயர் இருந்த நோட்டு தீர்ந்து போய்ப் புது நோட்டு போட்டாகிவிட்டது.

இந்தப் பாதையில் எங்கெல்லாம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தகவல் போகிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழும் உங்களுக்குத் தெரிந்த எண்ணை எழுதுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை விசாரிப்பு வருகிறது, பதில் போட எவ்வளவு நேரமாகிறது, பார்சல் எங்கே என்று வாரத்துக்கு எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள், போன வருடம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் வாங்கினார்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிடுங்கள். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் போதும், அந்த இரண்டு நாளும் எங்கே நிற்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

அங்கே காதில் விழப்போகும் பெரிய பெரிய சொற்கள் எல்லாம் இந்தத் தாளின் ஏதோ ஒரு வட்டத்துக்கு வைத்த பெயர்தான். உங்கள் நோட்டு செய்கிற வேலையைக் கம்ப்யூட்டர் செய்தால் அது சி.ஆர்.எம். ஃபேஸ்புக்கில் விசாரித்தவரும், வாட்ஸ்அப்பில் வாங்கியவரும், பண்ருட்டி கடைக்கே நேரில் வந்தவரும் அதே நெய்வேலி அம்மாதான் என்று சேர்த்து வைப்பது சி.டி.பி. ட்ராக்கிங் நம்பர் வந்த நிமிடமே அவருக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தால் அது ஆட்டோமேஷன். எந்த விளம்பரத்துக்குப் போட்ட காசு அவரைக் கொண்டுவந்தது என்று கணக்குப் பார்ப்பது அட்ரிபியூஷன். இந்த நான்கும் தெரிந்தால் முக்கால்வாசிப் பேச்சு புரிந்துவிடும்.

எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு போக முடியாது என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். ஸ்காட் பிரிங்கர் என்பவர் இந்தத் துறையின் கருவிகளை, அதாவது சாஃப்ட்வேர்களை, எல்லாம் ஒரே படத்தில் வரைந்து வெளியிட்டு வருகிறார். 2011இல் அந்தப் படத்தில் சுமார் 150 பெயர்கள் இருந்தன. 2024இல் 14,106. 2025இல் 15,384. இந்தத் துறைக்கென்றே மார்டெக் என்ற பெயரில் 2014 ஆகஸ்டில் பாஸ்டனில் மாநாடு தொடங்கியபோது அந்தப் படத்தில் ஏறக்குறைய ஆயிரம் இருந்தன. இத்தனையையும் அறிந்தவர் அந்த அரங்கில் ஒருவர்கூட இருக்க மாட்டார். மேடையில் பேசுகிறவரும் தன் மூலையை மட்டும் அறிந்தவர்தான். உங்கள் மூலை முந்திரி. அதைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் அங்கே வரப்போவதில்லை.

அடுத்து, மாநாட்டை நடத்துவது யார் என்று பாருங்கள். டிரீம்ஃபோர்ஸ் என்றால் சேல்ஸ்ஃபோர்ஸ் நடத்துவது, இன்பவுண்ட் என்றால் ஹப்ஸ்பாட், ஜோஹோலிக்ஸ் என்றால் ஜோஹோ. இப்படிக் கருவி விற்கும் ஒரு நிறுவனம் நடத்தும் மாநாட்டில் அந்த நிறுவனத்தின் கருவியை ஆழமாகக் கற்கலாம், ஆனால் அதற்குப் போட்டியான கருவியின் பெயரே காதில் விழாது. டெல்லியில் நடக்கும் ஆட்டெக் போலப் பலரும் கடை போடும் மாநாட்டில் எல்லோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உங்களுடையது எந்த வகை என்று அழைப்பிதழைப் பார்த்தாலே தெரியும்.

நிகழ்ச்சி நிரலைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. பேச்சாளர் பெயருக்குக் கீழே இருக்கும் பதவியைப் பார்ப்பேன். கருவியை விற்கும் நிறுவனத்தின் ஆள் என்றால் பெரும்பாலும் அது விளம்பரப் பேச்சு. கருவியை வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனத்தின் ஆள், அதிலும் தலைவராக இல்லாமல் மேலாளராக இருந்தால், அந்தப் பேச்சுக்குக் கட்டாயம் போவேன். தினமும் அந்தக் கருவியோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். எங்கே உடைந்தது, எத்தனை மாதம் இழுத்தது, யார் எதிர்த்தார்கள் என்று அவரால் சொல்ல முடியும். ஐந்து பேர் சோபாவில் உட்கார்ந்து பேசும் பேனல்களில் எனக்கு இதுவரை பெரிதாக எதுவும் கிடைத்ததில்லை. கையில் லேப்டாப்போடு உட்காரவைத்துச் சொல்லித்தரும் பயிற்சி வகுப்பு இருந்தால் மற்றதை விட்டுவிட்டு அதற்குப் போங்கள். முன்பதிவு கேட்பார்கள், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்றே பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு பேச்சு போதும்.

மேடையில் அடித்துச் சொல்வதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். 2020 ஜனவரியில், இன்னும் இரண்டு வருடத்தில் குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை நிறுத்திவிடுவோம் என்று கூகுள் அறிவித்தது. நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று விளம்பரக்காரர்கள் பின்தொடர உதவும் சின்னக் கோப்புகள் அவை. அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு மாநாட்டிலும் அதைப் பற்றியே பேச்சு, அதற்கென்றே புதுக் கருவிகள், அதற்கென்றே ஸ்டால்கள். தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கூகுள் கைவிட்டது. அந்தப் பயத்தில் அவசரமாகக் காசு போட்டவர்களை எனக்குத் தெரியும். இப்போது அதே இடத்தில், வேலைகளைத் தானே செய்து முடிக்கும் ஏ.ஐ. ஏஜென்ட் வந்து நிற்கிறது. அது பயனற்றது என்று நான் சொல்லவில்லை, நானே தினமும் ஏ.ஐ.யைப் பயன்படுத்துகிறேன். உங்கள் தாளில் எந்த வட்டத்தை அது மூடுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

ஸ்டால்களுக்கு வருவோம். முதலாளி கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டாலில் நிற்கும் பிள்ளைகள் ஒரு டெமோ காட்டுவார்கள். அமெரிக்காவில் இருக்கும் ஏதோ ஒரு கற்பனைச் செருப்புக் கடை, ஜான் என்று ஒரு வாடிக்கையாளர், அழகான வரைபடங்கள், எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். அது முடிகிறவரை பொறுமையாகப் பாருங்கள். பிறகு உங்கள் தாளை மேசையில் விரித்து, “இதில் எங்க ஊர் ஆளைப் போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். கருவியின் தரம் அங்கேதான் தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் பெயர். நம் ஊரில் எஸ்.முருகன் என்றால் எஸ் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. இந்தக் கருவிகளில் பல, முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப்பெயர் ஒரு கட்டம் என்று மேல்நாட்டு வழக்கப்படி கட்டியவை. சேல்ஸ்ஃபோர்ஸில் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் ஒருவரைச் சேர்க்கவே முடியாது. அதனால் பதிவு செய்கிறவர் கைக்கு வந்தபடி இனிஷியலை ஒரு கட்டத்திலும் பெயரை இன்னொரு கட்டத்திலும் போடுவார். அப்புறம் பொங்கல் வாழ்த்து “அன்புள்ள எஸ்” என்று போகும், அல்லது மகளுக்குப் போகும் செய்தி அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடும். எங்கள் ஊர் விடுதி ஒன்றின் பட்டியலை நான் கையில் எடுத்தபோது நான்காயிரம் பெயரில் பாதிக்கு மேல் இப்படித்தான் கிடந்தன. இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று வாரம் சரிசெய்தோம். ஆகவே ஸ்டாலில் ஐந்து நிஜப் பெயர்களை, இனிஷியலோடு, கொடுத்து வாழ்த்து அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து தமிழ். உங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் செய்தி போனால்தான் படிப்பார்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோட் என்ற எழுத்துமுறையில் போவதால் 70தான். அந்த எழுபதையும் நாம் எண்ணுவது போல எண்ண மாட்டார்கள். ‘மு’ என்பது நமக்கு ஓர் எழுத்து, இயந்திரத்துக்கு ‘ம’ ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ‘ப்’ என்றால் ‘ப’ ஒன்று, புள்ளி ஒன்று. “உங்கள் முந்திரிப் பருப்பு பார்சல் இன்று அனுப்பப்பட்டது” என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு 29 எழுத்து, நடுவில் 5 இடைவெளி. இயந்திரக் கணக்கில் 54. மிச்சமிருக்கும் 16 இடத்தில் பெயரும் ட்ராக்கிங் நம்பரும் அடங்காது. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ். காசு. விலைப்பட்டியலில் “ஒரு செய்திக்கு இத்தனை பைசா” என்று போட்டிருப்பதை உங்கள் தமிழ்ச் செய்தியை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்தியாவில் வியாபார எஸ்.எம்.எஸ். அனுப்ப தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி டி.எல்.டி. என்ற தளத்தில் பதிவு வேண்டும், அனுப்புநர் பெயரும் செய்தியின் வடிவமும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அந்த வேலையை அவர்கள் செய்துதருவார்களா, தமிழ் வடிவத்துக்கு ஒப்புதல் வாங்கிக் கொடுத்த பழக்கம் இருக்கிறதா என்றும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் எழுத்துக் கணக்குத் தொல்லை இல்லை, கட்டணக் கணக்குத் தொல்லை உண்டு. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து, நிறுவனங்கள் அனுப்பும் டெம்ப்ளேட் செய்திகளுக்கு (முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வடிவச் செய்திகள்), ஒவ்வொன்றாக எண்ணிக் காசு. விளம்பரச் செய்திக்கு ஒரு விலை, பார்சல் கிளம்பிவிட்டது என்பது போன்ற தகவலுக்கு அதைவிடக் குறைந்த விலை. வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு 24 மணி நேரத்துக்குள் நீங்கள் போடும் பதிலுக்கு, வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா காசு வாங்குவதில்லை. உங்களுக்கும் மெட்டாவுக்கும் இடையில் இருக்கும், கருவி விற்கும் நிறுவனம் தன் பங்கைச் சேர்க்கும். “மெட்டாவுக்குப் போவது எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு, மாதக் கட்டணம் தனியா” என்று மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். விலை டாலரிலா ரூபாயிலா, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பதும் முக்கியம். பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கேற்ப விலை ஏறும் கருவிகள் நிறைய. இன்று இரண்டாயிரம் பேர், தீபாவளிக்குப் பிறகு ஐந்தாயிரம் என்றால் என்ன ஆகும் என்று இப்போதே கேளுங்கள்.

தானாகப் பதில் சொல்லும் ஏ.ஐ. சாட்பாட்டைக் காட்டுவார்கள். அதற்கு உங்கள் வியாபாரத்திலேயே நல்ல பரீட்சை இருக்கிறது. “240 என்ன ரேட்” என்று கேளுங்கள். முந்திரி வியாபாரத்தில் 240 என்றால் தரம், ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ அத்தனை முழுப்பருப்பு என்று கணக்கு. உங்கள் ஸ்வீட் கடைக்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள். 240 ரூபாய் என்று அது புரிந்துகொண்டால் அதைத் திருத்தக் கற்றுக்கொடுக்க முடியுமா, யார் கற்றுக்கொடுப்பது, அதற்குத் தனிக் காசா என்று கேளுங்கள். அடுத்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும் நம் வழக்கப்படி ஒரு கேள்வி போடுங்கள். பாதிப்பருப்பு, உடைசல் என்ற சொற்களைப் போடுங்கள். புரியவில்லை என்றால் மனிதரிடம் மாற்றிவிடுகிறதா அல்லது எதையாவது உளறுகிறதா என்று கவனியுங்கள். தெரியாதபோது உங்கள் போனுக்கு மணியடிக்கும் சாட்பாட்டைத்தான் நான் வாங்குவேன்.

கடைசியாக ஒன்றை ஒவ்வொரு ஸ்டாலிலும் கேளுங்கள்: “நாளைக்கு நாங்க விட்டுட்டுப் போனா, எங்க கஸ்டமர் பட்டியலையும் பழைய ஆர்டர் விவரத்தையும் முழுசா எக்ஸெல்ல எடுத்துக்க முடியுமா?” இதற்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்திலிருந்து நகர்ந்துவிடுங்கள்.

மாநாட்டில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணமும் கட்டாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் மாநாட்டில் இரண்டாம் நாள் மாலை, ஸ்டால் மூடுவதற்கு அரைமணி நேரம் முன்பு, “இன்னைக்கு மட்டும் நாற்பது சதவீதம் தள்ளுபடி, மேடம்” என்றார்கள். நான் வேலை பார்த்த விடுதியின் உரிமையாளரைப் போனில் கூப்பிட்டுக் கெஞ்சி, ஒரு வருட மின்னஞ்சல் ஆட்டோமேஷனுக்குப் பணம் கட்ட வைத்தேன். ஊருக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். எங்கள் விருந்தினர்களில் பெரும்பாலானோர் அறை பதிவுத் தளங்கள் வழியாக வருகிறவர்கள், அவர்களின் உண்மையான மின்னஞ்சல் முகவரியே எங்களிடம் இல்லை. தாளில் வரைந்து பார்த்திருந்தால் முதல் வட்டத்திலேயே தெரிந்திருக்கும். அந்த வருடம் முழுக்க அந்தக் கருவியில் நாங்கள் அனுப்பியது மூன்றே மூன்று மின்னஞ்சல். உரிமையாளர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதற்குப் பிறகு நான் பார்த்தவரை, மாநாட்டுத் தள்ளுபடியை அடுத்த வாரம் கேட்டாலும் தந்துவிடுகிறார்கள்.

கழுத்தில் மாட்டும் அட்டையைப் பற்றியும் ஒரு சொல். அதில் ஒரு க்யூஆர் கோடு இருக்கும். ஸ்டாலில் பேனா, பை, சாக்லேட் என்று எதையாவது கொடுத்துவிட்டு அதை ஸ்கேன் செய்துகொள்வார்கள். அந்த நொடியே உங்கள் பெயரும் போன் நம்பரும் அவர்கள் பட்டியலில் ஏறிவிடும், மாதக்கணக்கில் அழைப்பு வரும். பிடித்த ஸ்டாலில் மட்டும் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். மற்ற இடத்தில் “வேண்டாங்க, உங்க கார்டைக் கொடுங்க, நானே கூப்பிடுறேன்” என்று சொல்வதில் தப்பே இல்லை.

இதே இடத்தில் உங்கள் நெய்வேலி அம்மாவையும் நினைத்துக்கொள்ளுங்கள், அவர் நம்பரும் இப்படித்தான் உங்களிடம் வந்து சேர்ந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எதற்காக நம்பர் வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ படிக்கும் வசதி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் உண்டு. “சம்மத அறிவிப்பு தமிழில் இருக்கிறதா, ஒருவர் வேண்டாம் என்றால் எல்லாப் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் போகுமா” என்று கேளுங்கள். பெரிய கம்பெனி ஆட்களும் இந்தக் கேள்விக்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கிலீஷ் தயக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போனால், ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி வருவதற்குள் ஜோஹோவின் பெரிய வளாகத்தைப் பார்க்கலாம். அந்த நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் நிறுவனம் 2010இல் சென்னையில் தொடங்கி 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனது. உலகம் முழுக்க விற்கும் இந்தக் கருவிகளை எழுதியவர்களில் எத்தனையோ பேர் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். சென்னை மாநாட்டில் ஸ்டாலில் நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேராவது தமிழ் பேசுவார்கள். பேட்ஜில் பெயரைப் பார்த்துவிட்டு “தமிழ்ல பேசலாங்களா?” என்று கேளுங்கள். நான் கேட்டு ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. சிலர் உட்கார நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறார்கள், மேலே சொன்ன எஸ்.எம்.எஸ். கணக்கை அப்படி ஒரு பையன்தான் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினான்.

ஸ்டால்களைவிடச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. அங்கே முன்னால் நிற்பவரும் உங்களைப் போலக் கருவி தேடி வந்தவராக இருப்பார், விற்க வந்தவர் தன் ஸ்டாலை விட்டு நகர மாட்டார். “நீங்க எந்த ஊரு, என்ன வியாபாரம்?” என்று ஆரம்பியுங்கள். ஈரோட்டு ஜவுளிக்காரரோ சிவகாசி அச்சகக்காரரோ கிடைத்தால் விடாதீர்கள். எந்தக் கருவி வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு கட்டுகிறீர்கள், பிரச்சினை என்றால் போனை எடுக்கிறார்களா என்று கேளுங்கள். எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத தகவல் அது. இரண்டு நாளில் இப்படி மூன்று பேர் நம்பர் கிடைத்தால் டிக்கெட் காசு வந்துவிட்டது. பேசி முடித்ததும் அவர் கார்டின் பின்னால், என்ன பேசினீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். மாலைக்குள் முகங்கள் குழம்பிவிடும்.

மாலையில் விருந்து என்று போட்டிருப்பார்கள். போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. போனால் அரைமணி நேரம் இருந்துவிட்டு, பகலில் பழகிய அக்கா தங்கை யாராவது இருந்தால் அவர்களோடு கிளம்புங்கள். நான் பல வருடம் போகாமலே இருந்தேன், வேலையில் ஒரு குறையும் வரவில்லை.

பயணம். இடம் எது என்று பார்த்து, முந்தின நாளே போய்த் தங்குவதற்கு முதலாளியிடம் காசு கேளுங்கள். கடலூரிலிருந்து விடிகாலை பஸ் ஏறி நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்தால் முதல் பேச்சிலேயே கண் சொக்கும். நந்தம்பாக்கம் வர்த்தக மையம் என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்கி மாநகரப் பேருந்தில் கத்திப்பாரா வந்து, அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம். கிண்டி, ஆலந்தூர் பக்கம் அறை எடுங்கள். தட்டையான செருப்பு போடுங்கள், நாள் முழுக்க நிற்க வேண்டும். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும், ஒரு சால்வை கட்டாயம். போன் சார்ஜர் மட்டுமில்லாமல் பவர் பேங்கும் வேண்டும். அந்தத் தாளை நான்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஸ்டாலிலும் அதன் மேலேயே கிறுக்குவார்கள்.

திரும்பி வந்த மறுநாளே, மறப்பதற்குள், முதலாளிக்கு ஒரே பக்கம் எழுதுங்கள். எந்த வட்டத்தை முதலில் மூட வேண்டும், அதற்கு இரண்டு கருவிகள், ஒவ்வொன்றின் ஒரு வருடச் செலவு ஜி.எஸ்.டி.யோடு, அதை ஏற்கனவே பயன்படுத்தும் ஒருவர் சொன்னது. இவ்வளவு போதும். எதுவும் வாங்க வேண்டாம் என்று தோன்றினால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். ட்ராக்கிங் நம்பரை அன்றன்று மாலை நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே பாதித் தொல்லை தீரும் என்று தெரிந்தால், அதைக் கண்டுபிடிக்கத்தான் சென்னை போய்வந்தீர்கள் என்று முதலாளி புரிந்துகொள்வார்.

வாங்குவது என்று முடிவானால் இலவசச் சோதனைக் காலம் கேட்டு, ஐம்பது வாடிக்கையாளர்களுக்கு மட்டும் முதலில் அனுப்பிப் பாருங்கள். தீபாவளி ஆர்டர் சூடு பிடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அந்த ஐம்பதில் கடலூரிலேயே இருக்கும் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. செய்தி போன அன்றே மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ அவர்கள் வீட்டுக்குப் போய், போனை வாங்கி, பெயர் சரியாக வந்திருக்கிறதா, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடையாமல் தெரிகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.